பிள்ளையாரின் அளவில் ஒரு மவுஸ்

"ஐயோ, உடைச்சுப் போடாதையுங்கோ!"

பாலன் போட்ட சத்தத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சிப்பாயின் கையில் ஒரு காய்ந்த மண்கட்டி இருந்தது. உள்ளங்கையளவுதான். பாலனின் பைக்குள், துவாயில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பத்திரமாக இருந்ததை வெளியே எடுத்து, நடுவில் பெருவிரலை வைத்திருந்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தூள்.

"என்ன இது? உள்ள என்ன?"

"உள்ளுக்கை ஒண்டுமில்லை, தம்பி. பிள்ளையார்."

"என்ன?"

"பிள்ளையார். சாமி. கணபதி..." பாலன் ஒரு கையை மூக்குக்கு முன்னால் தும்பிக்கைபோல ஆட்டிக் காட்டினார்.

சிப்பாயின் முகம் மாறியது. "கணதெய்யோ?" என்று சிங்களத்தில் பிள்ளையார் பெயரைச் சொல்லி, மண்கட்டியைத் திருப்பிப் பார்த்தான். அதன் உச்சியில் வாடிப்போன அறுகம்புல் ஒன்று குத்தியிருந்தது. பெருவிரல் தானாக விலகியது. இரண்டு கைகளாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தான்.

பின்னால் நின்றவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனண்ணை, வவுனியாவிலை கோயில் இல்லையோ? சாமியைக் கையோடை கொண்டு திரியிறியள்?"

பாலன் மண்கட்டியைத் திரும்பவும் துவாயில் சுற்றினார். அது பிள்ளையார்தான், பொய் இல்லை. ஆனால் பாலன் வவுனியாவுக்குப் போவது கும்பிடுவதற்கு அல்ல. ஒரு மவுஸ் வாங்குவதற்கு. கணினிக்குப் பூட்டுகிற மவுஸ்.

*

சண்டை நின்று, வவுனியாவுக்குப் பாதை திறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பரந்தன் சந்தியில் பாலனும் மனைவி பத்மாசனியும் ஒரு கணினிக் கடை வைத்திருந்தார்கள். மகள் கௌசலா தொடங்கிய கடை. அவள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனபோது, நான்கு கணினிகளையும் ஒரு ஜெனரேற்றரையும் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பாலனுக்குக் கண்டாவளையில் வயல் இருந்தது. கடைக்கு அவர் செய்த ஒரே வேலை, மேசைகளுக்குக் கண்ணாடி வெட்டிப் போட்டதும், அதன் கீழே சாமிப் படங்கள் வைத்ததும்தான்.

பத்மாசனி முதலில் ஜெனரேற்றரை இயக்குவாள், தேத்தண்ணி ஊற்றுவாள், அவ்வளவுதான். துவக்குச் சத்தம் கேட்கும் விளையாட்டு ஒன்றும் கடைக்குள் வரக்கூடாது என்பது அவளுடைய சட்டம். "நிசத்திலை கேட்டது காணும்" என்பாள். அதனால் பொடியள் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். வெறுங்காட்டில் விட்டுவிடுவார்கள். மரம் வெட்ட வேண்டும், வயல் திருத்த வேண்டும், களஞ்சியம் நிரப்ப வேண்டும். யார் முதலில் கோபுரம் எழுப்பி முடிக்கிறாரோ அவர் வென்றவர்.

ஒரு நாள் ஆள் குறைந்தது என்று பொடியள் பத்மாசனியை இருத்தினார்கள். அன்றைக்குத் தோற்றாள். மறுநாளும் தோற்றாள். அடுத்த மாதம் அவளை வெல்ல ஆளில்லை.

மற்றவர்கள் எல்லோரும் முதலில் மதில் கட்டுவார்கள். அவள் முதலில் கிணறு வெட்டுவாள். அடுத்தது சமைக்க ஒரு குசினி. சண்டைக்கு இடம்பெயர்ந்து பெயர்ந்து எத்தனையோ இடத்தில் வீடு போட்டவளுக்கு எது முதலில் வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

ஆனால் வெட்கம். ஐம்பதை எட்டிய பெண் பொடியளோடு இருந்து விளையாடுகிறாள் என்றால் சந்தி சிரிக்கும் என்று பயந்தாள். கணினிகளுக்கு இடையே பலகைத் தடுப்புகள் இருந்தன; கடைசித் தடுப்புக்கு ஒரு சீலைத் திரை தொங்கியது. அதற்குள் இருந்துதான் விளையாடுவாள். பொடியளும் வாய் திறப்பதில்லை.

திரைக்குள் இருந்து அவள் சிரிக்கும் சத்தம் வெளியே கேட்கும். மகள் போன நாளிலிருந்து பாலன் கேட்காத சிரிப்பு. வயலில் இருந்து வேண்டுமென்றே நேரத்தோடு வந்து, ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் சும்மா நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

கடையில் இருந்தவை அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ்கள். செம்மண் தூசி போய்ப் போய் உருண்டையும் பொத்தானும் இறுகிவிடும். பொத்தானை அமத்துவதற்கு விரலில் கல்லைத் தள்ளுகிற பலம் வேண்டும். பத்மாசனியின் ஆட்காட்டி விரல் மூட்டு வீங்கிவிட்டது. எண்ணெய் பூசிப் பார்த்தாள், ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். போன கிழமை சோற்றைப் பிசையும்போது முகத்தைச் சுளித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையோடை விட்டிடுறன். ஏலுமெண்டால் அண்டைக்கு மட்டும் விளையாடுவன்."

"புது மவுஸ் ஒண்டு வாங்குவம்."

"எனக்கென்னத்துக்கு? பேசாமல் சாப்பிடுங்கோ."

கேட்டு வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டாள். கேட்காமல் வாங்குவதென்றால் கை அளவு தெரிய வேண்டும். காப்புக்கு அளவு எடுக்கலாம், செருப்புக்கு எடுக்கலாம். மவுஸுக்கு எப்படி எடுப்பது?

விதைப்புக்கு முதல்நாள் வரப்பில் நின்றபோது பாலனுக்கு யோசனை வந்தது. ஈர மண்ணை அள்ளி மனைவியிடம் நீட்டினார்.

"பத்மா, இந்தமுறை நீர் ஒரு பிள்ளையார் பிடியும். உம்மடை கைராசி பாப்பம்."

அவள் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மண்ணை வாங்கி, கைக்குள் வைத்துப் பிடித்து, அறுகம்புல் குத்தி வரப்பில் வைத்தாள். இரண்டுபேரும் கும்பிட்டார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பியதும் பாலன் இன்னொரு பிள்ளையாரைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, "குறை நினையாதையும் அப்பனே, அளவெடுத்திட்டுக் கொண்டுவந்து கரைச்சு விடுறன்" என்று சொல்லி முதலாமவரைத் துவாயில் சுற்றினார்.

*

"வாங்கோ பாலன் அண்ணை! என்ன, ஜெனரேற்றர் திரும்பவும் பவர் சப்ளையை எரிச்சுப் போட்டுதோ?"

வவுனியாக் கடைத்தெருவில் சிறாஜின் கடை ஒரு ஒடுங்கிய நீளமான அறை. கணினிச் சாமான்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. மாதம் ஒரு ஞாயிறு சிறாஜ் மோட்டார் சைக்கிளில் பரந்தனுக்கு வந்து கணினிகளைத் திருத்திக் கொடுப்பான். வேலை முடிந்ததும், கையோடு கொண்டுவந்த பழைய பத்திரிகையை மடித்து மேசையில் விரித்து, தன் சொந்த மவுஸை அதன்மேல் வைத்து, கடைசித் தடுப்போடு ஒரு ஆட்டம் போடுவான். பத்திரிகை விரிப்பது அவனுடைய ராசியாக்கும் என்று பாலன் நினைத்திருந்தார். அப்படி ராசி என்றால் அது வேலை செய்யவில்லை. வவுனியாவில் அவனை வெல்ல ஆளில்லை. பரந்தனில் அவன் ஒருநாளும் வென்றதில்லை. யாரிடம் தோற்கிறான் என்பதும் அவனுக்குத் தெரியாது.

"மவுஸ் ஒண்டு வேணும், தம்பி. விளையாட்டுக்கு. உள்ளதுக்குள்ளை திறமானது."

சிறாஜ் நிமிர்ந்தான். "ஆருக்கு?"

"கடைக்கு வாற ஒரு ஆளுக்கு."

"கடைசித் தடுப்பு ஆளுக்கோ?"

பாலன் கூரையைப் பார்த்தார்.

"அல்லாஹ்! என்னை வெட்டுறதுக்கு என்னட்டையே கத்தி வாங்க வந்திருக்கிறியள். ஷிஹானா, இஞ்ச வந்து பாருங்கோ இந்த அநியாயத்தை!"

உள்ளே இருந்து அவனுடைய மனைவி சிரித்துக்கொண்டு வந்தாள். "வாங்கோ அண்ணை. இவர் தோத்துப்போட்டு வாற ஞாயிறு ராவில சாப்பிடவும் மாட்டார், கதைக்கவும் மாட்டார். அந்த ஆளுக்கு நல்லதாக் குடுங்கோ. அப்பவாவது தோத்ததுக்கு ஒரு நியாயம் இருக்கும்."

பாலன் துவாயைப் பிரித்தார்.

"மவுஸ் கேட்டிட்டு மண் காட்டுறியள்?"

"கை அளவு. பிள்ளையாராப் பிடிச்சது. அந்த ஆளுக்குத் தெரியாமல் கொண்டுவந்தனான்."

சிறாஜ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். ஷிஹானா உள்ளே போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். "தொடலாம்தானே அண்ணை?" என்று கேட்டுவிட்டு, மண்கட்டியின் பள்ளங்களில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

"என்ர கையளவுதான். ஆனா இந்த விரல் மூட்டு வீங்கியிருக்கு. பாருங்கோ, இதில பள்ளம் ஆழம். நோவோடதான் பிடிச்சிருக்கு."

பாலன் தலையை ஆட்டினார். "ஓம். அதுதான்... நோகாமல் அமத்தக்கூடியது வேணும்."

சிறாஜ் குனிந்து பார்த்தான். பக்கவாட்டில் மோதிரம் பதிந்த தடம். பிறகு மேல்பக்கத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். தன் கையைக் காற்றில் வைத்து விரல்களை ஒருமாதிரி நீட்டினான், மடக்கினான். திடீரென்று சிரிக்கத் தொடங்கினான்.

"என்ன தம்பி?"

"அண்ணை, இந்தப் பிள்ளையார்..."

ஷிஹானா அவனுடைய முழங்கையில் ஒரு இடி இடித்தாள். அவளும் பார்த்துவிட்டாள்.

"ஒண்டுமில்லை அண்ணை," என்றான் சிறாஜ். "நல்ல பிள்ளையார்."

மவுஸ்கள் வரிசையாக மேசைக்கு வந்தன. பத்மாசனியின் கைக்குப் பதிலாக ஷிஹானாவின் கை ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தது.

பாலனின் கண் முதலாவதிலேயே ஒட்டிக்கொண்டது. முதுகு வளைந்து, பக்கத்தில் பொத்தான்கள் வைத்து, நீல வெளிச்சம் அடித்தது. "இது! இதுதான் திறம்."

"பொறுங்கோ. ஷிஹானா, பக்கத்துப் பொத்தானைத் தொடுங்கோ."

அவளுடைய பெருவிரல் எட்டவில்லை.

"இது பெரிய ஆம்பிளைக் கைக்குச் செய்தது. விலைதான் கூட. கைக்கு எட்டாட்டி என்ன திறம்?"

இரண்டாவது வயர் இல்லாதது. உள்ளே பற்றரி. ஷிஹானா தூக்கிப் பார்த்து, "அம்மிக் குழவி" என்று வைத்துவிட்டாள். பாரம் மட்டுமல்ல, நாம் ஒன்று சொன்னால் அது யோசித்துவிட்டுத்தான் செய்யும் என்றான் சிறாஜ். வேகமான ஆட்டத்துக்கு அது சரிவராது.

மூன்றாவது குட்டி. அதற்குக் கையைக் கூட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. நோகிற மூட்டு இன்னும் நோகும். நான்காவது கைக்கு நன்றாகத்தான் இருந்தது. சிறாஜ் திரையில் படம் கீறும் இடத்தைத் திறந்து, "வேகமா ஒரு வட்டம் கீறுங்கோ" என்றான். ஷிஹானா கீறினாள். வட்டம் பாதியில் துள்ளிச் சுவரேறியது.

"அது நான் கீறினதால இல்லை," என்றாள் அவள் உடனே.

"ஓம். அது கண் பிசகுது. அடியில இருக்கிற சிவப்பு வெளிச்சம்தான் இதுக்குக் கண். ஓடுற ஓட்டத்தில கண் பிசகினா, வயல் திருத்தப் போன ஆள் ஆத்துக்குள்ள நிப்பான்."

பாலன் வாசலைப் பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஓமந்தை மூடுவதற்குள் கடக்க வேண்டும். நாளைக்கு ஞாயிறு. வெறுங்கையோடு போனால் அவள் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டாள், அவளுக்கு ஒன்றும் தெரியாதே. ஆனால் அந்தத் திரைக்குள் இனிச் சத்தம் இருக்காது.

"வேறை இல்லையோ தம்பி?"

"இவ்வளவும்தான் அண்ணை."

"உங்கட லாச்சிக்குள்ள ஒண்டு இருக்கே?" என்றாள் ஷிஹானா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

சிறாஜ் அவளை முறைத்தான். "அது கடைச் சாமானில்லை."

"வித்திட்டா கடைச் சாமான்தானே."

"ஷிஹானா, அது நாளைக்கு நான் கொண்டுபோறதுக்கு எடுப்பிச்சது. கொழும்பிலயிருந்து வந்து ரெண்டு நாள்தான்."

"சரி, கொண்டுபோங்கோ. அங்க ஒரு நோவுக் கையை வெண்டிட்டு வந்து, ராவைக்கு நல்லாச் சாப்பிடுங்கோ."

சிறாஜ் மண்கட்டியைப் பார்த்தான். வீங்கிய மூட்டின் பள்ளத்தைப் பார்த்தான். பெருமூச்சோடு மேசை லாச்சியை இழுத்தான்.

வெளியே வந்தது ஒரு சாதாரணமான கறுப்பு மவுஸ். நீல வெளிச்சம் இல்லை, பக்கத்துப் பொத்தான் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே வளைவு. ஷிஹானா கையை அதன்மேல் வைத்தாள். விரலை அமத்தவில்லை, அதன் பாரத்தை மட்டும் விட்டாள்.

டிக்.

"அமத்தவே இல்லை அண்ணை," என்றாள் மெதுவாக. "நினைச்சனான், அவ்வளவுதான்."

வட்டம் கீறினாள். துள்ளவில்லை. இன்னும் வேகமாக, வட்டத்துக்கு மேல் வட்டம். ஒரு பிசகில்லை.

விலையைச் சொல்லவே சிறாஜ் வெட்கப்பட்டான். பாலன், அவன் கேட்டதற்கு மேல் எடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தார். ஒருமாதிரி முடிந்தது. பெட்டியைத் துவாயில் பிள்ளையாரோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஷிஹானா கேட்டாள்:

"எதுக்கு மேல வைச்சு விளையாடுறவ?"

"மேசைக்கு மேலைதான்," என்றார் பாலன், வாசலில் கால் வைத்தபடி. அவள் 'விளையாடுறவ' என்று பெண்ணாகக் கேட்டது பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

*

ஞாயிறு. சிறாஜ் கணினிகளைத் திருத்தி முடித்துவிட்டு முதல் தடுப்பில் இருந்து பத்திரிகையை விரித்துக்கொண்டிருந்தான். பத்மாசனி அவனுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, பாலனை ஜெனரேற்றர் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏலாது போலக் கிடக்கு. கடைசித் தடுப்பு ஆள் இண்டைக்கு வரேல்லையாம் எண்டு சொல்லிவிடுங்கோ."

"ஒருக்கால் போய் இருந்து பாருமன்."

"சொல்லுறதைக் கேளுங்கோ..."

"ஒருக்கால், பத்மா."

அவருடைய குரலில் என்ன இருந்ததோ, அவள் போனாள். திரை விலகியது, மூடியது. பிறகு சத்தமே இல்லை. பாலன் ஜெனரேற்றரில் சாய்ந்து நின்றார், சூடு பட்டும் தெரியாமல்.

பொறுக்க முடியவில்லை. திரையை விலக்கினார்.

பத்மாசனி, பாலன் விடியவே பூட்டி வைத்திருந்த அந்தக் கறுப்பு மவுஸின்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அசைக்கவில்லை. கோயிலில் தீபத்தைத் தொட்டு ஒற்றும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள்.

"எப்பிடி?"

"விரல் நோகேல்லை," என்றாள். கண் கலங்கியிருந்தது.

"பிறகென்ன? விளையாடும்!"

அவள் கையை நகர்த்தினாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. திரையில் அம்பு நகரவில்லை. மேலே, கீழே, பக்கத்துக்கு. அசையவே இல்லை.

பாலன் குனிந்தார். வயரைப் பார்த்தார். பூட்டிய இடத்தைப் பார்த்தார். சோதனைச் சாவடியில் அடிபட்டுவிட்டதோ? துவாயில் மண் போய்விட்டதோ? "நேற்று நல்லா ஓடினது பத்மா, என்ரை கண்ணாலை பாத்தனான்..."

முதல் தடுப்பில் கதிரை இழுபட்டது. "அண்ணை!" சிறாஜின் குரல் பலகைக்கு மேலால் வந்தது. "கண்ணாடி! உங்கட மேசையில கண்ணாடியெல்லோ! கண்ணாடியில இதுக்குக் கண் தெரியாது. நான் வேற எதுக்குப் பேப்பர் விரிக்கிறனான்? மேசை எண்டு நீங்கள் சொல்லேக்க நானும் மறந்திட்டன்!"

பாலன் தன் கையால் வெட்டிப் போட்ட கண்ணாடியைப் பார்த்தார். அதன் கீழே இருந்து லட்சுமி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தா, பேப்பர்... பேப்பர் எடுத்துக்கொண்டு ஓடியாறன்..."

"நில்லுங்கோ," என்றாள் பத்மாசனி.

லாச்சியைத் திறந்தாள். உள்ளே இருந்து ஒரு துணி விரிப்பை எடுத்துக் கண்ணாடியின்மேல் விரித்தாள். நாலு மூலையும் மடித்து, நுணுக்கமான தையல் போட்டது. நீலக் கட்டம். பாலன் ஒரு கிழமையாகத் தேடிக்கொண்டிருந்த, இடுப்பில் கட்டும் பழைய சாரத்தின் நீலக் கட்டம்.

மவுஸை அதன்மேல் வைத்தாள். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

பாலன் துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இது... எப்ப தைச்சனீர்?"

"வயலிலை என்னைப் பிள்ளையார் பிடிக்கச் சொன்னியளே. அண்டைக்குப் பின்னேரம். சிறாஜ் தம்பி பேப்பர் விரிக்கிறதை எத்தனை மாதமாப் பாக்கிறன்."

"உமக்குத் தெரியுமோ?"

அவள் திரும்பவில்லை. வெறுங்காடு திரையில் விரிந்துகொண்டிருந்தது. முதல் கிணற்றுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது அவளுடைய விரல். பலகைக்கு மறுபக்கம் சிறாஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து ஒவ்வொரு விதைப்புக்கும் நீங்கள்தானே பிடிச்சனீங்கள். ஒருநாளும் என்ரை கையிலை மண்ணைத் தந்ததில்லை. எனக்கு விளங்காதோ?"

டிக்.

"அதுதான், பிள்ளையார் பிடிக்கிற மாதிரிப் பிடியாமல், ரெண்டு விரலையும் முன்னுக்கு நீட்டி, மவுஸ் பிடிக்கிற மாதிரியே பிடிச்சுத் தந்தனான்."